திருகோணமலைக் கரையில் டைகரோடு

நாயையும் கூட்டிக்கொண்டு திருகோணமலை போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: தாராளமாகப் போகலாம், ஆனால் நகருக்கு வடக்கே உள்ள உப்புவெளிக் கரையில் தங்குங்கள். வவுனியாவிலிருந்து காரில் போகும்போதெல்லாம் எங்கள் டைகர் பின் சீட்டில் இருப்பான். ஊர்நாய்தான். கடலைக் கண்டால் அவனைப் பிடிக்க முடியாது.

மே முதல் செப்டெம்பர் வரை அங்கே கடல் குளம் போலக் கிடக்கும். விடிய முன்னமே கரைக்கு இறங்கிவிட வேண்டும். உப்புவெளியிலிருந்து வடக்கே, சல்லி அம்மன் கோயில் பக்கமாக நடந்தால் ஆட்கள் குறைவு, ஈரமணல் இறுகி இருக்கும், நாய்க்கு ஓட இடம் தாராளம். வெயில் ஏறிய பிறகு இதே மணல் அதன் பாதத்தைச் சுட்டுவிடும். கச்சான் என்னும் வெக்கைக் காற்றும் வீசத் தொடங்கினால் நிழலுக்குத் திரும்புவதே நல்லது. குடிதண்ணீர் போத்தல் கையில் இருக்கட்டும். தாகத்தில் கடல்நீரைக் குடித்தால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும்.

கரைவலை இழுக்கும் இடத்தில் மட்டும் கயிற்றை விடாதீர்கள். வலையில் வரும் பேத்தை மீனை மணலிலேயே எறிந்துவிடுவார்கள். அதன் நஞ்சு ஆளையே கொல்லும், நாய் எம்மாத்திரம்? "தம்பி, நாயைப் பிடியுங்கோ, பேத்தை கிடக்கு" என்று வலை இழுத்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர் தூரத்திலிருந்தே சத்தம் போட்டார். அந்த அக்கறைக்காகவே எனக்கு இந்தக் கரையைப் பிடிக்கும். கெளிறு மீனின் முள்ளும் அறுந்த தூண்டிலும் கிடக்கும், பார்த்து நடவுங்கள். கட்டாக்காலி நாய்களுக்கும் தங்கள் தங்கள் எல்லை உண்டு. குரைத்துக்கொண்டு வரும், நாம் நிதானமாகக் கடந்துவிட்டால் திரும்பிப் போய்விடும்.

கோணேசர் கோயிலுக்குப் போவதென்றால் டைகரோடு யாராவது ஒருவர் கீழே நிற்போம். கோயில் இருக்கும் பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் மனிதருக்குப் பழகித் திரிகின்றன. நாயைக் கண்டு அவை மிரண்டு ஓடுவதைப் பார்க்க மனம் வராது. மான்கள் டச்சுபே கடற்கரைப் பக்கமும் இறங்கி வரும், ஆகவே அங்கேயும் கயிறு கையில் இருக்க வேண்டும். நிலாவெளிக் கரை இன்னும் விசாலம். எதிரே தெரியும் புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா என்பதால் நாயைப் படகில் ஏற்ற நினைக்கவே வேண்டாம்.

மாலையில்தான் உப்புவெளியின் அருமை தெரியும். வெளிநாட்டுப் பயணிகளை நம்பி நடக்கும் கரையோர பார்களிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் மேசை கதிரையை மணலிலேயே போட்டிருப்பார்கள். கதவும் இல்லை, பளிங்குத் தரையும் இல்லை. "அண்ணை, நாய் இருக்கு, பரவாயில்லையா?" என்று கேட்டுவிட்டு ஓரமான மேசையில் இருந்தால் அநேகமாக யாரும் வேண்டாம் என்பதில்லை. ஒரு கடையில் கேட்காமலே தண்ணீர்க் கிண்ணம் வைத்தார்கள். குளிர்ந்த பியரும் சுட்ட பாரை மீனும் நமக்கு, மேசைக்குக் கீழே ஈரமணலைத் தோண்டிப் படுக்கும் சுகம் டைகருக்கு. மீன் முள்ளை மட்டும் கொடுக்க விடமாட்டேன். போயா என்னும் பௌர்ணமி நாளில் மதுபானம் விற்கமாட்டார்கள், நாட்காட்டியைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

அறை எடுக்கும்போதே நாய் வருகிறது என்று போனில் சொல்லிவிடுங்கள். பெரிய ஹோட்டல்களைவிட மதில் கட்டிய வளவுள்ள சிறிய விடுதிகள்தான் சம்மதிக்கும். விசர்நாய்த் தடுப்பூசி அட்டையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.