சம்பந்திக்கு ஆங்கிலத்தில் என்ன?

ஸ்கூல் விட்டு வரும்போது லிஃப்டில் வைத்தே மகள் போனைப் பார்த்து "மாமா! மாமா!" என்று கத்தினாள். திரையில் என் அண்ணன். மதுரையில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, பனியனும் முறுக்கு மீசையுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். லிஃப்டில் இருந்தவர்கள் முதலில் என்னைப் பார்த்தார்கள், அப்புறம் போனை, அப்புறம் அந்த மீசையை. சீன மொழியில் மாமா என்றால் அம்மா.

எதிர் வீட்டுக்காரம்மா மட்டும் சிரித்தபடி, யார் இது என்று கேட்டார். என் அண்ணன் என்றேன். "அப்படியானால் இவளுக்கு ஜியூஜியூ" என்றார் சட்டென்று. ஜியூஜியூ என்றால் அம்மாவின் சகோதரன், தாய்மாமன். பெரியப்பா, சித்தப்பா, அத்தை புருஷன் யாருக்கும் அந்தச் சொல் பொருந்தாது. ஷாங்காய் வந்ததிலிருந்து என் குடும்பத்தை இத்தனை சரியாக, ஒரே சொல்லில் யாரும் புரிந்துகொண்டதில்லை. ஆங்கிலத்தில் அங்கிள் என்று சொல்லிவிட்டு, எந்த வழி அங்கிள் என்பதை நானாகத்தான் விளக்கியிருப்பேன். அதற்குள் லிஃப்ட் பத்தாவது மாடிக்குப் போயிருக்கும்.

அம்மா வயதுள்ள பெண்களை இங்கே ஆயி என்று கூப்பிடுவார்கள். சரியாகப் பார்த்தால் அது அம்மாவின் சகோதரியைக் குறிக்கும் சொல், நம் சின்னம்மா, பெரியம்மா மாதிரி. தாயையும் பாட்டியையும் ஆயி என்று அழைக்கும் ஊர்கள் நம்மிடமும் இருப்பதால், எனக்கு அந்தச் சொல் முதல் நாளே வாயில் ஒட்டிக்கொண்டது. அன்று லிஃப்டை விட்டு இறங்கும்போதே எதிர் வீட்டு ஆயி என்னிடம் ஓர் உதவி கேட்டார். அவருடைய மகள் இருப்பது மெல்போர்னில், மருமகன் ஆஸ்திரேலியர். பேரனுக்கு ஆறு வயது, ஆங்கிலம்தான் சரளமாக வருகிறது. அவனோடு பேசும் அளவுக்கு ஆங்கிலம் சொல்லித்தர முடியுமா என்றார். பணம் வேண்டாம் என்றதும் மறுநாளே ஒரு பாத்திரம் நிறைய பச்சை நிறக் கொழுக்கட்டையைக் கொண்டுவந்து வைத்தார். அரிசி மாவுக்குள் இனிப்புப் பயறு. பிள்ளையார் சதுர்த்தி ஆறு மாதம் முன்னால் வந்துவிட்டது போல இருந்தது.

ஆயி பள்ளியில் படித்தது கலாசாரப் புரட்சிக் காலத்தில். 'தலைவர் மாவோ நீடூழி வாழ்க' என்பதுதான் அவர் படித்த முதல் ஆங்கில வாக்கியமாம், அதற்கு மேல் பெரிதாக எதுவும் நகரவில்லை. பிறகு நூற்பாலை வேலை. தொண்ணூறுகளில் ஷாங்காயின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடி ஆட்களை அனுப்பியபோது அவரும் வீட்டுக்கு வந்துவிட்டார். என் பெரியப்பாவும் மதுரையில் மில் தொழிலாளிதான். சங்கு ஊதும் நேரத்தை வைத்துத்தான் எங்கள் தெருவே உலை வைக்கும் என்று சொன்னேன், ஆயி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும், இன்னும் ஆறவில்லை. ஊரில் பல வருடம் ஆங்கில ஆசிரியையாக இருந்தவள் நான். வந்த புதிதில் ஒரு டியூஷன் மையத்துக்கு விண்ணப்பம் போட்டேன். எல்லாச் சான்றிதழையும் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டு பாஸ்போர்ட் இருந்தால்தான் முடியும் என்று போனிலேயே முடித்துவிட்டார்கள். 2021 ஜூலையில் பள்ளிப் பாடங்களுக்கான டியூஷன் தொழிலுக்கே அரசு கடிவாளம் போட்டது, அது வேறு கதை. ஆனால் அந்தப் பதில் எனக்குத் தவறாகத்தான் பட்டது, இன்றும் அப்படித்தான். ஆங்கிலத்தை இன்னொரு மொழியிலிருந்து நடந்து வந்து சேர்ந்தவருக்குத்தான் எந்த இடத்தில் கால் தடுக்கும் என்று தெரியும்.

ஆயியோடு உட்கார்ந்தபோது அது நன்றாகவே தெரிந்தது. 'ஓபன் தி லைட்' என்றார். சீனத்தில் காய் என்று ஒரே வினைச்சொல், அதை வைத்துக் கதவைத் திறக்கலாம், விளக்கைப் போடலாம், கார் ஓட்டலாம், கூட்டமும் நடத்தலாம். நம் 'போடு' மட்டும் என்ன? விளக்குப் போடுகிறோம், சட்டை போடுகிறோம், டீ போடுகிறோம், சண்டையும் போடுகிறோம். ஆங்கிலத்தில் விளக்குக்கு ஒரு சொல், காருக்கு ஒரு சொல் என்று பிரித்துப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். 'வாட்ச் எ புக்' என்றார். அவர்களுக்குப் புத்தகம், டிவி, டாக்டர் எல்லாமே 'பார்ப்பது'தான். கடன் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் அங்கே ஒரே சொல் என்பதால் 'பாரோ'வும் 'லெண்ட்'டும் அவரைப் பாடாய்ப்படுத்தின. எனக்கு அதில் சிரமமே இல்லை. வாங்குபவர் யார், கொடுப்பவர் யார் என்பதில் நம் மொழி கறாரானது.

எதிர்மறைக் கேள்வி வந்தபோது இருவரும் ஒரே பக்கம் நின்றோம். 'நீ வரவில்லையா?' என்று கேட்டால் நாம் 'ஆமாம், வரவில்லை' என்போம். சீனர்களும் அப்படியே. கேட்டவர் சொன்னது சரி என்பதால் ஆமாம். ஆங்கிலத்தில் அங்கே 'நோ' சொல்ல வேண்டும். மெல்போர்னில் மருமகன் 'டீ வேண்டாமா?' என்று கேட்க, வேண்டாம் என்ற அர்த்தத்தில் ஆயி 'யெஸ்' என்று சொல்ல, அவர் டீ கொண்டுவந்து வைத்துவிடுவாராம். போன தடவை போயிருந்தபோது அந்த டீயை எல்லாம் மரியாதைக்காகக் குடித்தே தீர்த்திருக்கிறார்.

அதே மருமகனைப் பற்றி 'ஷி இஸ் வெரி டால்' என்று பெருமையாகச் சொல்வார். சீனத்தில் அவன், அவள், அது மூன்றுக்கும் பேச்சில் 'தா' என்ற ஒரே ஒலிதான். எழுத்தில் மட்டும் வேறுபாடு உண்டு. பெண்ணுக்கான அந்தத் தனி எழுத்து பரவியதே 1920 வாக்கில், லியூ பான்னோங் என்ற கவிஞர் முன்னெடுத்த பிறகுதான். அதனால் நன்றாக ஆங்கிலம் படித்த சீனர்கூட அவசரத்தில் 'ஹி'யையும் 'ஷி'யையும் மாற்றிவிடுவார். என் மதுரைப் பிள்ளைகள் இந்த இடத்தில் ஒருநாளும் தடுமாறியதில்லை. ஆனால் 'நீ' என்றால் இரு மொழியிலும் நீயேதான்! அவர்களுடைய நீ-யும் நம் நீ-யும் காதுக்கு ஒன்று. மரியாதைக்கு அவர்கள் 'நீன்' என்பார்கள், நாம் 'நீங்க' என்போம். இதைக் கண்டுபிடித்த அன்று நானும் ஆயியும் குழந்தைகள் மாதிரி மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மக்கள் பூங்காவுக்குப் போவோம். அங்கே ஆங்கில மூலை என்று கூட்டம் கூடும், யார் வேண்டுமானாலும் நின்று ஆங்கிலத்தில் பேசிப் பழகலாம். கல்லூரிப் பிள்ளைகளும் இருப்பார்கள், ஓய்வு பெற்ற தாத்தாக்களும் இருப்பார்கள். பட்டப்படிப்பு மாணவர்களுக்கு 1987 முதல் தேசிய ஆங்கிலத் தேர்வு இருக்கிறது, அதற்கான சொற்பட்டியலை அகர வரிசையில் உருப்போடுவார்கள். முதலில் வருவது 'அபாண்டன்', கைவிடு! புத்தகத்தைத் திறந்ததுமே கைவிடச் சொல்லிவிட்டது என்று அவர்கள் சிரிப்பார்கள். அங்கே ஒரு பையன், "நான் ஒரே பிள்ளை" என்று சொன்ன கையோடு, "என் அண்ணன் ஊஷி நகரத்தில் இருக்கிறான்" என்றான். பக்கத்தில் நின்ற வெளிநாட்டுக்காரர் குழம்பிப் போனார். எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. 1980 முதல் 2015 வரை ஒரு குழந்தைச் சட்டம் இருந்த நாடு. கூடப் பிறந்தவர் இல்லாத பிள்ளைகள் பெரியப்பா மகனையும் மாமா மகனையும் அண்ணன் என்றே கூப்பிட்டு வளர்ந்தார்கள். நாமும் பெரியப்பா மகனைக் 'கசின்' என்று தள்ளி நிறுத்த மனம் வராமல்தானே 'கசின் பிரதர்' என்கிறோம்.

மாமா மகன் மட்டும் நமக்கு அண்ணன் ஆக மாட்டான், முறைப்பையன் ஆகிவிடுவான். இதைச் சொன்னதும் ஆயி அதிசயப்படவில்லை. அவர் பாட்டி காலத்தில் அங்கேயும் அப்படிக் கட்டிக்கொண்டார்களாம், 1980 திருமணச் சட்டம்தான் அதை நிறுத்தியது. அதே பூங்காவின் இன்னொரு பக்கத்தில் வார இறுதியில் கல்யாணச் சந்தை. விரித்த குடைகளின் மேல் பிள்ளைகளின் பிறந்த வருடம், உயரம், படிப்பு, சம்பளம், சொந்த வீடு எல்லாம் எழுதிய தாள்களை ஒட்டிவிட்டுப் பெற்றோர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மஞ்சள் தடவிய ஜாதகக் கட்டோடு அம்மா தரகர் வீட்டுக்கு நடந்த நடை எனக்கு ஞாபகம் வந்துவிடும்.

இந்த ஊர் பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். மெட்ரோவில் கண்ணை மூடிக்கொண்டு மாறுவேன், வீட்டுக்குள்ளேயே விறைக்கும் ஜனவரியும் எனக்குப் பெரிதில்லை. ஆனால் பாட்டியைப் பற்றிப் பேச்சு வந்த அன்று மாலை முழுக்க நான் மதுரையில்தான் இருந்தேன். பேரன் தன்னை 'கிராண்ட்மா' என்று கூப்பிடுவது ஆயிக்குப் பிடிக்கவில்லை. அப்பாவின் அம்மா நைநை, அம்மாவின் அம்மா வைபோ. நமக்கு அப்பத்தா, அம்மாச்சி. அம்மாச்சி வீடு என்றால் கோடை விடுமுறை, கிணற்றடி, கருவாட்டுக் குழம்பு. அப்பத்தா வீடு என்றால் எழுந்ததும் பல் விளக்கினாயா என்ற கேள்வி. இரண்டையும் கிராண்ட்மா என்ற ஒரே டப்பாவில் போட்டால் எப்படி?

2018-இல் இந்த ஊரின் இரண்டாம் வகுப்புப் பாடத்தில் 'வைபோ' என்ற சொல்லை எடுத்துவிட்டு, வட சீனத்தில் வழங்கும் 'லாவ்லாவ்' என்ற சொல்லைப் போட்டார்கள். ஷாங்காயே கொதித்தது. எங்கள் அம்மாச்சியை எங்களிடமிருந்து பிடுங்காதே என்று மக்கள் எழுதித் தள்ளினார்கள், கடைசியில் கல்வித் துறை பழைய சொல்லையே திரும்ப வைக்கச் சொன்னது. ஆயி இதைச் சொல்லும்போது குரல் உயர்ந்துவிட்டது. எனக்கும்தான். மதுரைப் பாடப்புத்தகத்தில் அம்மாச்சியை அழித்தால் நான் சும்மா இருப்பேனா?

இத்தனைக்கும் நடுவில் ஆயி கேட்ட ஒரு சொல்லைத்தான் என்னால் கொடுக்க முடியவில்லை. மருமகனின் அம்மாவை ஆங்கிலத்தில் எப்படிக் கூப்பிடுவது? சீனத்தில் ச்சிங்ஜியா. நமக்குச் சம்பந்தி. என் மகளை உன் வீட்டுக்குக் கொடுத்தேன், இனி நீயும் நானும் உறவு என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களை நேராக இணைக்கும் சொல். ஆங்கிலத்தில் 'என் மகளின் மாமியார்' என்று சுற்றித்தான் போக வேண்டும், மகள் வழியாக மட்டுமே எட்ட முடியும். என் கல்யாணத்தில் அம்மாவும் மாமியாரும் பந்தி முடியும் வரை ஒருவரை ஒருவர் சம்பந்தி, சம்பந்தி என்று அழைத்துக்கொண்டே பாயசம் போதவில்லை என்பதற்காகச் சண்டை போட்டார்கள். அந்தச் சொல் இருந்ததால்தான் சண்டை மறுநாள் தீர்ந்தது என்று நான் நம்புகிறேன்.

ஆஸ்திரேலியாவில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்றேன். தன்னைவிட மூத்தவரையா என்று ஆயி வாயைப் பொத்திக்கொண்டார். எத்தனை தடவை பழக்கியும் அந்தப் பெயர் அவர் வாயில் வரவில்லை. சரி, நீங்கள் ஆங்கிலம் படிக்கவில்லையா, அந்தம்மா ஒரு சீனச் சொல் படிக்கட்டும் என்று முடிவு செய்தோம். ச்சிங்ஜியா என்றால் என்ன என்று நான்கு எளிய ஆங்கில வாக்கியத்தில் எழுதிக் கொடுத்தேன். மனப்பாடம் செய்து வீடியோவில் பேசினார். அந்தம்மாவும் இப்போது ச்சிங்ஜியா என்றுதான் அழைக்கிறாராம், முதல் எழுத்தில் மட்டும் கொஞ்சம் திணறுகிறார்.

வருகிற டிசம்பரில் ஆயி மெல்போர்ன் போகிறார். இப்போது ஹோட்டல் பில் பாடம் நடக்கிறது. சம்பந்தியைப் பில் கொடுக்க விடுவது அவர்களுக்கும் அவமானம், நமக்கும் அவமானம். 'ஐ இன்சிஸ்ட்' என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மெதுவாகச் சொன்னால் வேலைக்கு ஆகாது ஆயி, பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள் என்றேன். அது எனக்குத் தெரியாதா என்று கேட்டார்.