தோற்கும் இழை ஏன் தோற்கிறது

வளரும் குட்டிகளில் நரம்பு இணைப்புகள் எவ்வாறு செம்மையாகின்றன என்பதை ஆராயும் ஆய்வகமொன்றின் நுண்ணோக்கிப் பிரிவில் பணியாற்றுகிறேன். மூளையைப் பார்க்கும் ஆவலோடு வருபவர்கள், என் மேசைக்கு வருவதில் பெரும்பகுதி பிறந்து சில நாட்களே ஆன சுண்டெலிகளின் தசைதான் என்று அறிந்ததும் சற்றே ஏமாற்றமடைவதுண்டு. மூளையில் ஒரே நரம்பணுவின் மீது ஆயிரக்கணக்கான இணைப்புகள் நெருக்கியடித்துக்கொண்டிருப்பதால் எந்த இழை எங்கிருந்து வந்தது என்று பிரித்தறிவது பெரும்பாடு. தசையை ஆக்கும் ஒவ்வொரு தசைநாருக்கும் பொதுவாக நரம்பு வந்து சேரும் இணைப்பிடம் ஒன்றுதான். அதுவும் சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே தெரியும் அளவுக்குப் பெரியது. ஒரே இடத்தைப் பிடிக்க நரம்பிழைகளுக்கிடையே மூளையில் நடப்பதாக ஊகிக்கிற போட்டியை இங்கே நேரில் பார்க்கலாம்.

கட்டுவிரியன் இனத்துப் பாம்பொன்றின் நஞ்சிலிருந்து கிடைக்கும் ஆல்ஃபா பங்காரோடாக்சின், நரம்பு விடும் வேதிச் செய்தியை வாங்கிக்கொள்ளத் தசைநாரிலுள்ள அசிட்டைல்கோலின் ஏற்பிகளை விடாப்பிடியாகப் பற்றிக்கொள்ளும். அந்த நஞ்சுப் புரதத்தில் சிவப்புச் சாயத்தைப் பிணைத்துத் திசுவின் மீது இட்டால் இணைப்பிடம் முழுவதும் சிவந்த திட்டாகத் தெரியும். நரம்பிழைகளிலோ மரபணு மாற்றத்தின் வழியே ஒளிர் புரதங்களை ஏற்றியிருப்பார்கள். பிறந்த சில நாட்களில் எடுத்த தசையில், ஒரே சிவப்புத் திட்டின் மீது மஞ்சளும் நீலமுமாக வெவ்வேறு நரம்பணுக்களின் இழைகள் பின்னிக் கிடக்கும். இரண்டு வாரம் கழித்து எடுத்த தசையில் ஏறத்தாழ எல்லாத் திட்டுகளிலும் ஒரே நிறம்தான் இருக்கும். இடைப்பட்ட நாட்களில் எடுத்த படங்களே எனக்கு மிகவும் பிடித்தவை. தோற்கும் இழை தன் இடத்தைச் சிறுகச் சிறுக விட்டுக்கொடுத்து, மெலிந்து, கடைசியில் நுனியில் ஓர் உருண்டையோடு பின்வாங்கிக்கொண்டிருக்கும். பின்வாங்கும் வழியில் அது உதிர்த்துச் செல்லும் துணுக்குகளை, நரம்பிழைகளைச் சூழ்ந்திருக்கும் ஷ்வான் செல்கள் விழுங்கிவிடுகின்றன. வென்ற இழை, காலியான இடத்திலும் கிளை பரப்பித் திட்டு முழுவதையும் தனதாக்கிக்கொள்கிறது. ஒரு செல்லை வந்தடையும் இழைகள் குறைகிற அதே காலத்தில், எஞ்சிய இழை அந்தச் செல்லோடு ஏற்படுத்தும் தொடர்பு வலுக்கிறது என்பதை நரம்பியலாளர்கள் டேல் பர்வஸும் ஜெஃப் லிக்ட்மேனும் 1980ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார்கள். வெறும் இழப்புக் கணக்காக இதைச் சொல்பவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

பயன்படுத்தாத இணைப்பு உதிர்ந்துவிடும் என்ற வாசகத்தைப் பெற்றோருக்கான அறிவுரைகளில் அடிக்கடி காண்கிறோம். அதை நான் முழுமையாக ஏற்பதில்லை. எலிக்குட்டியின் தசைக்குச் செல்லும் நரம்பில் மின்துடிப்புகளை முற்றிலுமாகத் தடுத்தபோது இழைகள் விரைவாக விலகவில்லை, விலகுவதே தாமதமாயிற்று. எல்லா இழைகளும் ஒருசேர ஓய்ந்திருக்கையில் எதுவும் எதையும் வெளியேற்றுவதில்லை. நரம்பியலாளர்கள் டார்ஸ்டன் வீசலும் டேவிட் ஹியூபலும் பூனைக்குட்டிகளிடம் கண்டதும் இதையொட்டியதுதான். பிறந்த முதல் சில மாதங்களில் ஒரு கண்ணை மட்டும் மூடி வைத்தபோது, பார்வையைக் கையாளும் மூளை மேற்பரப்பான பார்வைப் புறணியில் அந்தக் கண்ணுக்குப் பதிலளிக்கும் நரம்பணுக்கள் ஏறத்தாழ இல்லாமலே போயின. இரண்டு கண்களையும் மூடியபோது இன்னும் மோசமாக இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் 1965இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, பாதிப்பு இருந்தபோதிலும், நரம்பணுக்களில் பெரும்பகுதி தொடர்ந்து பதிலளித்தன. ஒரு கண் ஓய்ந்திருந்தது என்பதைவிட, மற்றது ஓயாமல் இருந்தது என்பதே கேட்டை விளைவித்தது. பிறவிக் கண்புரை ஒரு கண்ணில் மட்டும் இருக்கும் குழந்தைக்கு முதல் ஆறு வாரங்களுக்குள் அறுவை செய்ய மருத்துவர்கள் வலியுறுத்துவதும், அதன்பின் நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடி வைக்கச் சொல்வதும் இந்தப் போட்டியைக் கருதியே. நன்றாகப் பார்க்கும் கண்ணை ஏன் மூட வேண்டும் என்ற கேள்விக்கு வேறு எந்த விளக்கமும் பொருந்தி வராது.

தோல்வியை விளைவிப்பது போட்டிதான் என்பதற்கான மிகத் தெளிவான சான்று 2012இல் வந்தது. உயிருள்ள சுண்டெலிக் குட்டியில், வெல்லும் நிலையிலிருந்த இழையை லேசரால் அகற்றியபோது, பின்வாங்கிக்கொண்டிருந்த இழை திரும்பி வந்து முழு இடத்தையும் பிடித்துக்கொண்டது. தோற்பதற்கான குறை அந்த இழைக்குள்ளேயே இருந்திருந்தால் அது திரும்பியிருக்காது.

மூளைக்குள்ளும் இத்தகைய போட்டி நடக்கிறது. ஆனால் நடுவர்கள் வேறு. கண் திறப்பதற்கு முன்பே விழித்திரையில் தானாக எழும் துடிப்பலைகள், எந்த இழைகள் ஒருங்கே இயங்குகின்றன என்பதை மூளைக்கு உணர்த்துகின்றன. நோய்க் கிருமிகளைக் குறியிட்டுக் காட்டும் சி1க்யூ, சி3 என்னும் நோயெதிர்ப்புப் புரதங்கள், விழித்திரையிலிருந்து மூளைக்குச் செல்லும் இந்தப் பாதையில் இணைப்பு நீக்கத்துக்கும் தேவைப்படுகின்றன என்று 2007இல் தெரியவந்தது. மூளையின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோக்ளியா அந்த இணைப்புகளை விழுங்குவது 2012இல் காட்டப்பட்டது.

மனிதர்களைப் பற்றிப் பேசும்போது இத்தனை உறுதி எனக்கு வருவதில்லை. நரம்பியல் மருத்துவர் பீட்டர் ஹட்டன்லாக்கர் 1979இல் வெளியிட்ட கணக்கின்படி, மூளையின் முன்மடல் புறணியில் இணைப்புகளின் அடர்த்தி ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் உச்சத்தை எட்டி, வயது வந்தோரின் சராசரியைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதலாக இருந்து, பின்னர் பதினாறு வயது வரை குறைந்து வருகிறது. அவர் இறந்தோரின் மூளைத் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து எண்ணினார். எண்ணும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அந்தப் பொறுமைக்குத் தலைவணங்குகிறேன். ஆனாலும் அந்த வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியும் வேறொருவரின் மூளை. ஒரே குழந்தையைத் தொடர்ந்து பார்த்தது அல்ல. அடர்த்தி குறைந்ததை அது காட்டுகிறது. எந்த இழை எதனிடம் தோற்றது என்பதைக் காட்டாது.

புதிதாகச் சேரும் மாணவர்கள் ஒவ்வொரு திட்டுக்கும் நேரே ஒன்று அல்லது இரண்டு என்று இழைகளின் எண்ணிக்கையை மட்டும் எழுதிவைப்பார்கள். மஞ்சள் இழை திட்டின் ஓர் ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருக்க, மீதி முழுவதும் நீலமாக இருக்கும் படத்தை இருவரிடம் தந்தால் ஒருவர் ஒன்று என்பார், மற்றவர் இரண்டு என்பார். ஆகவே எண்ணிக்கையோடு, ஒவ்வோர் இழையும் திட்டின் பரப்பில் எத்தனை விழுக்காட்டைப் பிடித்திருக்கிறது என்பதையும் அளந்து பதியச் சொல்கிறேன். வேலை இரட்டிப்பாகிறது என்ற முணுமுணுப்பு கேட்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரே இணைப்பிடத்தை நாள்தோறும் படமெடுத்தவர்கள், தொடக்கத்தில் குறைந்த பரப்பைப் பிடித்திருந்த இழையே இறுதியில் வென்றதையும் கண்டிருக்கிறார்கள். எண்ணிக்கை மட்டும் எழுதிய ஏட்டில் அது பதிவாகாது.