பாம்புச் சட்டையாய் உரிந்த பெயின்ட்

டேப்பை ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்து, சர்ரென்று இழுத்தேன். டேப்பில் ஒரு பொட்டு பெயின்ட்கூட ஒட்டிக்கொண்டு வரவில்லை. ஒரு மாதமாகச் சமையலறை அலமாரிக் கதவுகளோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

புதுக் கதவு போடக் கையில் காசில்லை. பெட்டிகளும் திடமாகத்தான் இருந்தன, நிறம்தான் அழுது வடிந்தது. பதினான்கு சன்மைக்கா கதவுகளுக்கும் பெயின்ட் அடித்து, கைப்பிடியை மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று இறங்கினேன். முதல் கதவு பார்க்க அருமையாகத்தான் வந்தது. மாட்டிய ஐந்தாம் நாள், நகம் பட்டு ஓரத்தில் ஒரு துணுக்கு பெயர்ந்தது. சும்மா இருக்க முடியாமல் அதைப் பிடித்து இழுத்தேன். பாம்புச் சட்டை மாதிரி உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்தது, அடியில் பூசிய பிரைமரோடு சேர்த்து.

பிரைமரைத் திட்டினேன். அப்புறம் பெயின்டைத் திட்டினேன். உரிந்த தோலைத் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அடிப்பக்கம் மஞ்சளாக, விரலில் லேசாகப் பிசுபிசுத்தது. உப்புத்தாள் தேய்த்த தூளும் அதிலேயே அப்பியிருந்தது. அதாவது நான் முதலில் தேய்த்துவிட்டுப் பிறகு துடைத்திருக்கிறேன். மேலே இருந்த எண்ணெய்ப் பிசுக்கை உப்புத்தாளே கீறல்களுக்குள் தள்ளிப் பூசிவிட்டது. கழுவிவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். இந்த ஒரு வரிசை மாறியதில் ஒரு வார வேலை பாழ்.

அடுப்புக்கு மேலே இருக்கும் கதவுகளில் படிவது வெறும் எண்ணெய் இல்லை. சூட்டிலும் காற்றிலும் பல வருடம் இருந்து, வார்னிஷ் போல இறுகிப்போன படலம். பாத்திரம் கழுவும் திரவம் அதன் மேல்தோலைத்தான் தொட்டது. வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து, துணியை நனைத்துப் பிழிந்து, கதவின் மேல் விரித்துப் பத்து நிமிடம் விட்டேன். எடுத்தபோது துணி தேநீர் நிறத்தில் இருந்தது. மூன்றாம் முறைதான் துணி வெள்ளையாக வந்தது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், விரல் நுனியெல்லாம் வறண்டு வெடிக்கும். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைக்க வேண்டும், சோடா மிச்சம் இருந்தாலும் பிரைமர் பிடிக்காது. ஓரப்பட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே இருக்கும் துகள்பலகை ஊதிவிடும். அதனால் ஊற்றிக் கழுவவே கூடாது.

அடுத்தது 220 எண் உப்புத்தாள், நைசானது. பளபளப்பு செத்தால் போதும், வெட்டி எடுக்க வேண்டியதில்லை. அவசரத்தில் ஒரு மூலையில் சொரசொரப்பான 80 போட்டேன். இரண்டு கோட்டுக்குப் பிறகும் அந்தக் கீறல் பல்லைக் காட்டுகிறது. தூளைத் துடைத்ததும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்ப்பேன். பிசுக்கு போன இடத்தில் நீர் மெல்லப் படர்ந்தது. கைப்பிடியைச் சுற்றி மட்டும் முத்து முத்தாக உருண்டு நின்றது. எல்லார் கையும் படும் இடமாயிற்றே! அங்கே மறுபடியும் சோடா, மறுபடியும் 220.

பிரைமர், வழவழப்பான பரப்புக்கென்றே விற்பது. சாதாரண மர பிரைமர் இதற்கு வேலைக்கு ஆகாது. அதன்மேல் எனாமல் பெயின்ட், ஸ்பாஞ்ச் ரோலரில் மெல்லிசாக இரண்டு கோட். அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு வாரம் விட்டு, கதவின் உள்பக்கத்தில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக ஆறு ஆறு கோடு கீறி டேப் ஒட்டினேன். இருபத்தைந்து கட்டமும் இருந்த இடத்திலேயே இருந்தன. அந்த டேப்பைத்தான் முதலில் சொன்னேன்.

கைப்பிடியில் வேறு கூத்து. பழையதில் துளைக்குத் துளை 96 மி.மீ. அழகைப் பார்த்து நான் வாங்கி வந்தது 128. ஒரு துளையை வைத்துக்கொண்டு 32 மி.மீ. தள்ளி இன்னொன்று போட்டால் ஆச்சு என்று நினைத்தேன். ஆனால் பழைய துளை கைப்பிடிக்குக் கீழே கண் விழித்துப் பார்க்கிறது. எபாக்சி புட்டி வைத்து அடைத்து, தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி பிரைமர். அளவுகோலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருந்தால் இதெல்லாம் மிச்சம். இணையத்தில் வாங்குபவர்கள் திருகின் நீளத்தையும் பாருங்கள். 18 மி.மீ. கதவுக்கு 25 மி.மீ. திருகு சரியாக இருந்தது. கூடவே வந்ததோ அதைவிட நீளம், இறுக்கினாலும் கைப்பிடி ஆடிக்கொண்டே இருந்தது.

இன்னும் ஒன்பது கதவு பாக்கி. ஆனால் மனசு அதற்குள் சுவர் டைல்ஸுக்குத் தாவிவிட்டது. இடுக்கெல்லாம் கறுத்துக் கிடக்கிறது, பழைய கிரவுட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக நிரப்பலாமா என்று ஒரு யோசனை. அலமாரிக்கு அடியில் எல்இடி பட்டையும் ஒட்ட ஆசை.

இப்போதைக்கு ஐந்து கதவுகள் ஹால் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், எனாமல் உள்ளுக்குள் இறுக இரண்டு மூன்று வாரமாவது வேண்டும். முதல் கதவை அவசரப்பட்டு மாட்டியதில் அது சட்டத்தோடு ஒட்டிக்கொண்ட கதையை வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள். அதுவரை சமையலறையில் பாத்திரமெல்லாம் திறந்தமேனிக்குத்தான்.