ஒரு ஸ்டிக்கருக்காக மதுரைக்கு மூன்று பயணம்

எழுபத்தொரு வயதான என் தந்தைக்கு முதுகுத்தண்டில் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்று நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்தது ஒரு வியாழக்கிழமை; அந்தப் படம் எடுக்கப்பட்டது அதிலிருந்து இருபத்திரண்டாவது நாள். இடைப்பட்ட நாட்கள் முழுவதும், 2017-இல் அவர் நெஞ்சுக்குள் பொருத்தப்பட்ட பேஸ்மேக்கரின் மாடல் எண்ணைத் தேடுவதிலேயே கழிந்தன.

மறுநாள் காலை ஸ்கேன் மையத்தில் வழக்கமான படிவத்தை நிரப்பினோம். "பேஸ்மேக்கர் உண்டா?" என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று குறித்ததுமே ஊழியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "கார்டு எங்கே சார்?" என்றார். கருவி பொருத்தியபோது நிறுவனம் கொடுத்த அட்டை, பழைய பர்ஸோடு எங்கோ தொலைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு எம்.ஆர்.ஐ. கூடவே கூடாது என்ற காலம் போய்விட்டது. காந்தப் புலத்தைத் தாங்கும் வகையில் செய்யப்பட்ட கருவிகள் இப்போது பரவலாகப் பொருத்தப்படுகின்றன. ஆனால் தோலுக்கடியில் இருக்கும் கருவி மட்டும் அந்த வகையாக இருந்தால் போதாது; அதிலிருந்து இதயத்துக்குள் இறங்கும் ‘லீட்’ என்ற மின்கம்பியும் அதே வகையாக இருக்க வேண்டும், இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும் இணையாகவும் இருக்க வேண்டும். இரண்டின் மாடல் எண்ணும் எழுத்தில் வந்தால்தான் படம் எடுப்போம் என்று அவர்கள் சொன்னதில் எனக்குக் குறை எதுவும் இல்லை.

வீட்டில் ஒரு தடித்த கோப்பு இருந்தது. அதைச் சேர்த்து வைத்ததில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது. திறந்து பார்த்தபோது, அன்றைய இ.சி.ஜி. தாள்கள் நான்கும் கன்னங்கரேலென்று இருந்தன. பத்திரமாக இருக்கட்டும் என்று நானே கடையில் கொடுத்து லேமினேட் செய்தவை அவை. இ.சி.ஜி. வருவது வெப்பம் பட்டால் கறுக்கும் தாளில் என்பதும், லேமினேட் இயந்திரம் வேலை செய்வது வெப்பத்தால் என்பதும் தனித்தனியாக எனக்குத் தெரிந்திருந்தும், இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஓரறை பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது, நோயாளி நலமாக உள்ளார்’ என்பதற்கு மேல் கருவியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஆகவே திங்கட்கிழமை, இராஜபாளையத்திலிருந்து மதுரைக்குப் பேருந்தில் கிளம்பினேன். பேஸ்மேக்கர் பொருத்திய தனியார் மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் இருந்த பெண், தந்தையின் பெயரையும் கைபேசி எண்ணையும் தட்டிவிட்டு, "சிஸ்டத்துல 2020-க்கு முன்னாடி எதுவும் வரல சார்" என்றார். அறுவைச் சிகிச்சை இங்கேதான் நடந்தது என்று நான் சம்மரியைக் காட்டிய பிறகுதான், தந்தையின் பெயரில் இரண்டு பதிவு எண்கள் இருப்பது தெரிந்தது. மருத்துவமனை புதிய மென்பொருளுக்கு மாறிய பிறகு அவர் பரிசோதனைக்குச் சென்றபோது, இன்ஷியல் பெயருக்கு முன்னால் வராமல் பின்னால் பதிவாகியிருந்தது. கணினி அவரைப் புது நோயாளியாக எடுத்துக்கொண்டுவிட்டது. பழைய ஆவணத்தைத் தேட வேண்டுமானால் பெயர் பயன்படாது. சம்மரியின் தலைப்பகுதியில் உள்ள ஐ.பி. எண்தான், அதாவது உள்நோயாளி எண்தான், சாவி. அந்த எண்ணைக் கொடுத்ததும், நோயாளி கையொப்பமிட்ட அதிகாரக் கடிதமும் அவருடைய அடையாளச் சான்றின் நகலும் இல்லாமல் மகனுக்குக்கூட எதையும் காட்ட முடியாது என்றார். நியாயமான விதிதான். ஆனால் கிளம்புவதற்கு முன் நான் இரண்டு முறை தொலைபேசியில் கேட்டபோது யாரும் அதைச் சொல்லவில்லை. முதல் பயணம் அதோடு முடிந்தது.

புதன்கிழமை கடிதத்தோடு போனேன். ஸ்கேன் செய்து ஏற்றப்பட்ட பதினொரு பக்கங்கள் திரையில் வந்தன: சம்மரி, ஒப்புதல் படிவம், இரத்தப் பரிசோதனைகள், பில். அறுவை அரங்கக் குறிப்பு மட்டும் இல்லை. கருவியின் பெட்டியோடு வரும் ஸ்டிக்கர்களை அந்தக் குறிப்பில்தான் ஒட்டுவார்கள் என்று எங்கள் ஊர் இதய மருத்துவர் முன்னதாகவே சொல்லியிருந்தார். கேஸ் ஷீட் முழுவதையும் ஏற்றவில்லை, ‘முக்கியமான’ பக்கங்களை மட்டும் ஏற்றினார்கள் என்பது அந்தப் பெண் தந்த விளக்கம். எது முக்கியம் என்று யார் முடிவு செய்தார்கள் என்ற கேள்வியை அவரிடம் கேட்டுப் பயனில்லை. அப்போது அவர் அங்கே பணியிலேயே இல்லை. தாள் கோப்பு எங்கே என்றேன். மூன்று ஆண்டுக்கு மேல் வைத்திருக்கத் தேவையில்லை, அழித்திருப்பார்கள் என்று பதில் வந்தது.

இந்த இடத்தில்தான் பலர் திரும்பிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் காக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன. அந்த வகையில் அவர் சொன்னது தவறில்லை. ஆனால் அதே விதிகள், நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ ஆவணம் கேட்டால் ஒப்புகை தந்து 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும் என்றும் சொல்கின்றன. ‘அழித்திருப்பார்கள்’ என்பது ஊகம். அழித்தது உண்மையானால் அதை எழுத்தில் தாருங்கள், இல்லையென்றால் என் விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டு நகலில் முத்திரையிட்டுத் தாருங்கள் என்றேன். குரலை உயர்த்தவில்லை. அரை மணி நேரம் காக்க வைத்தபின் முத்திரை விழுந்தது. அந்த முத்திரை இல்லாதிருந்தால் அடுத்து நடந்தது எதுவும் நடந்திருக்காது.

அன்று தந்தையையும் அழைத்துச் சென்றிருந்ததால், அதே ஊரில் வேறொரு இதய மருத்துவரையும் பார்த்தோம். அவர் மார்பு எக்ஸ்-ரேயில் தெரிந்த குறியைக் கொண்டு நிறுவனத்தை அடையாளம் கண்டு, அவர்களுடைய பிரதிநிதியை வரவழைத்தார். நெஞ்சின் மேல் ஒரு வட்டக் கருவியை வைத்ததும், உள்ளே இருந்த பேஸ்மேக்கர் தன் மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் மின்கலத்தின் நிலையையும் திரையில் ஒப்பித்தது. காந்தப் புலத்தைத் தாங்கும் வகைதான். ஆனால் லீட்டுக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. பொருத்திய அன்று யாராவது தட்டச்சு செய்திருந்தால்தான் அது அங்கே இருக்கும் என்றார் பிரதிநிதி. ஆக, மனிதருக்குள்ளேயே இருந்த மின்னணுப் பதிவும் பாதிதான்.

72 மணி நேரம் ஒன்பது நாட்களாக நீண்டது. மூன்று முறை நினைவூட்டிய பிறகு, அடுத்த வெள்ளிக்கிழமை மாலை அழைப்பு வந்தது. சனிக்கிழமை போனபோது, ஆவணப் பிரிவின் பின்புறம் ஓய்வு வயதை நெருங்கிய ஒரு பணியாளர், மஞ்சள் நாடா கட்டிய கேஸ் ஷீட்டோடு நின்றிருந்தார். "எந்த வருசம், எந்த வார்டுன்னு சொன்னா எந்த அலமாரின்னு எனக்குத் தெரியும் தம்பி, கம்ப்யூட்டர்ல ஏத்துன பெறகு யாரும் என்னையக் கேக்குறதில்ல" என்றார். ஓரங்களைக் கரையான் தொட்டிருந்தது. அரங்கக் குறிப்பின் அடியில் இரண்டு ஸ்டிக்கர்கள், பட்டைக்கோடு உட்பட, நேற்று ஒட்டியவை போல இருந்தன: ஒன்று கருவிக்கு, ஒன்று லீட்டுக்கு. இரண்டும் பொருந்தும் இணை. அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது என்பதைச் சொல்வதில் வெட்கமில்லை.

தாளா கணினியா என்று கேட்டால், இந்த அனுபவத்துக்குப் பிறகும் நான் தாளின் பக்கம் சாய மாட்டேன். அந்தப் பணியாளர் ஓய்வு பெற்றபின் அந்த அலமாரி வெறும் குப்பைதான். கரையானுக்கு இன்னும் இரண்டு மழைக்காலம் போதும். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிய அந்தச் சில மாதங்களில், பக்கக் கணக்கை மட்டும் பார்த்து யாரோ எடுத்த முடிவில்தான் என் தந்தையின் லீட் காணாமல் போனது. அந்த மாற்றத்தின்போது எது விடுபட்டது என்ற பட்டியல் எந்த மருத்துவமனையிலும் நோயாளிக்குத் தரப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஸ்கேன் சிக்கலின்றி முடிந்தது; பிரதிநிதி வந்து கருவியை எம்.ஆர்.ஐ. நிலைக்கு மாற்றி, முடிந்ததும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்.

இந்த அலைச்சலுக்கு நடுவே, மருத்துவ ஆவணங்களை ஒரே இடத்தில் இணைப்பதற்கான அரசுத் திட்டத்தின் ‘ஆபா’ (ABHA) எண்ணையும் தந்தைக்கு எடுத்தேன். ஆதாரும் ஓ.டி.பி.யும் இருந்தால் ஐந்து நிமிட வேலை. பதினான்கு இலக்கம் கைக்கு வந்துவிடும். ஆனால் 2021-இல் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்ட அந்தத் திட்டத்தில், பழைய ஆவணங்கள் தாமாக வந்து சேரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மருத்துவமனை தன் பதிவை அந்த எண்ணோடு இணைத்தால்தான் செயலியில் தெரியும். எங்களுடையதில் இன்றுவரை நான் ஏற்றியவை மட்டுமே இருக்கின்றன. இ.சி.ஜி., எக்கோ போன்ற வெப்பத்தாள்களை வாங்கிய அன்றே படமெடுத்துவிடுங்கள், லேமினேட் கடையை நெருங்க வேண்டாம். உடலுக்குள் ஸ்டென்ட், லென்ஸ், செயற்கை மூட்டு என்று எது பொருத்தப்பட்டாலும், வீடு திரும்பும் முன் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கத்தின் நகலைக் கேளுங்கள். அன்று கேட்டால் செவிலியரே எடுத்துத் தருவார்.

இரண்டு பதிவு எண்களையும் ஒன்றாக்கித் தருமாறு அன்றே ஒரு விண்ணப்பம் கொடுத்தேன். சென்ற வாரம் தந்தையைப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றபோது, முகப்பில் இருந்த இளைஞர் திரையைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேர் வர்றாங்க சார், இதுல நீங்க யாரு?" என்று அவரிடம் கேட்டார்.