மேபெல்லின் கட்டைவிரல்

அமெரிக்காவின் பிரிஸ்டல் ஊரில், ஸ்டேட் ஸ்ட்ரீட்டில் நடுரோட்டில் பித்தளைத் தகடுகளை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். அதற்கு வடக்கே வர்ஜீனியா, தெற்கே டென்னசி. ஒரு காலை இங்கும் மறுகாலை அங்கும் வைத்து எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். தம்பியும் நானும் எடுத்துக்கொண்டோம். ஆனால் சார்லட்டிலிருந்து மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்தது அதற்காக இல்லை. அந்தத் தெருவின் டென்னசிப் பக்கத்தில் ஒரு தொப்பிக் கம்பெனியின் கட்டடம் இருந்தது. இன்று அது இல்லை. நான் உயிராக நினைக்கும் பாட்டுகளெல்லாம், 'கன்ட்ரி' என்று சொல்லும் அமெரிக்க கிராமிய இசை, அங்கிருந்துதான் கிளம்பின.

1927 ஜூலையில் விக்டர் ரெக்கார்டு கம்பெனிக்காக ரால்ஃப் பீர் என்பவர் மைக்கையும் மெழுகுத் தட்டுகளையும் அங்கே கொண்டுவந்து இறக்கினார். எதிரொலி வராமல் இருக்கச் சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டார். ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை 19 குழுக்கள் வந்து 76 பாட்டுகள் பாடின. பாட்டுக்கு 50 டாலர். ரயில்வேயில் வேலை பார்த்து, காசநோயோடு போராடிக்கொண்டிருந்த ஜிம்மி ராஜர்ஸ் ஆகஸ்ட் 4 அன்று பாடினார். அதற்கு மூன்று நாள் முன்பு வந்தவர்கள்தான் கார்ட்டர் குடும்பம்.

ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, ஏ.பி.யின் தம்பி மனைவி மேபெல், மூன்று பேர். மேபெல்லுக்கு அப்போது வயது 18, நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. அந்த நிலையில் அவளை அனுப்ப ஏ.பி.யின் தம்பிக்கு மனசில்லை. உன் சோளக்கொல்லையில் களை எடுத்துத் தருகிறேன் என்று சொல்லித்தான் ஏ.பி. சம்மதம் வாங்கினாராம். வழியில் டயர் பஞ்சர் வேறு. நாங்கள் அரை மணி நேரத்தில் கடந்த தூரத்துக்கு அவர்களுக்கு ஒரு பகல் முழுக்கப் பிடித்தது.

அன்று மாலை நாலு பாட்டு, மறுநாள் காலை இரண்டு. அந்த இரண்டில் ஒன்று 'சிங்கிள் கேர்ள், மேரீட் கேர்ள்'. கல்யாணமாகாதவள் நினைத்ததை உடுத்துகிறாள், கல்யாணமானவள் தொட்டிலை ஆட்டுகிறாள் என்கிற பாட்டு. சாராவுக்கு அதைப் பாடப் பிடிக்கவே இல்லை. பீர் வற்புறுத்தியதால் பாடினாள். அந்தக் குரலில் அழுகை இல்லை, குழைவும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டுப் போகிறாள். 2014இல் இங்கே திறந்த அருங்காட்சியகத்தில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இதை நான்கு தடவை கேட்டேன்.

ஆனால் நான் கிட்டார் எடுத்தது மேபெல்லால். பொதுவாகக் கிட்டாரில் மெல்லிய கம்பிகளில்தான் ராகம் வரும், தடித்த கம்பிகள் துணைக்கு நிற்கும். மேபெல் அதைத் தலைகீழாக்கிவிட்டாள். கட்டைவிரலில் ஒரு பிக்கை, கம்பியை மீட்டும் சின்ன வில்லையை, மாட்டிக்கொண்டு தடித்த கம்பிகளில் பாட்டை எடுப்பாள். இரண்டு சுரங்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் ஆள்காட்டிவிரல் மெல்லிய கம்பிகளை மேலும் கீழுமாக வருடும். கேட்பவருக்கு இரண்டு பேர் வாசிப்பது போலிருக்கும். 'கார்ட்டர் ஸ்க்ராட்ச்' என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது. ஆறு வருஷமாகப் பழகுகிறேன். கட்டைவிரல் பாட, மற்ற விரல் தாளம் தப்பாமல் கூடவே போகிற அந்த நொடி கைகூடும்போது கிடைக்கிற சந்தோஷம் வேறு எதிலும் எனக்கு இல்லை.

1928இல் அவர்கள் பதிவு செய்த 'வைல்ட்வுட் ஃப்ளவர்' கேட்டுப் பாருங்கள். 1860இல் அச்சான பாட்டு அது. மலைப்பக்கம் வாய்வழியே கைமாறிக் கைமாறிச் சொற்களெல்லாம் மருவிவிட்டன. என்ன பூ என்றே தெரியாத பூக்களின் பெயர்கள்கூட உள்ளே இருக்கின்றன. எனக்கு அந்த மருவல்தான் அழகு.

சாயங்காலம் ஹில்டன்ஸ் பக்கம் போனோம். கிளிஞ்ச் மலையின் அடிவாரம், புவர் வேலி என்று பெயர். சாலையோரச் சிறிய மெதடிஸ்ட் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் ஏ.பி.யும் சாராவும் இருக்கிறார்கள். 1930களிலேயே பிரிந்துபோனவர்கள். சாரா வேறொருவரை மணந்து கலிஃபோர்னியா போய்விட்டாள். ஆனாலும் இரண்டு கல்லறைக் கல்லிலும் ஒரே பாட்டின் தட்டைப் பதித்திருக்கிறார்கள்.

அங்கே நிற்கும்போது லெஸ்லி ரிடில் நினைவுக்கு வந்தார். ஏ.பி. மலையூர்களில் வீடு வீடாகப் பாட்டுத் தேடிப் போனபோது கூடவே போன கருப்பினக் கலைஞர். ஏ.பி. வரிகளை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனசில் வாங்கிக்கொண்டு வந்து சாராவுக்கும் மேபெல்லுக்கும் சொல்லிக்கொடுப்பார். சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர், வலது கையில் இரண்டு விரல்களும் இல்லை. மிச்ச விரல்களுக்கென்று அவர் கண்டுபிடித்த வாசிப்பு மேபெல்லின் கையிலும் ஏறியது. தட்டுகளில் அச்சானது ஏ.பி. கார்ட்டர் பெயர் மட்டும்தான். அந்த அநியாயத்தை எண்ணினால் இன்றும் மனசு ஆறுவதில்லை. நல்லவேளை, 1960களில் நாட்டுப்புற இசைக் கலைஞர் மைக் சீகர் தேடிப்போய் அவரைப் பதிவு செய்தார்.

சனிக்கிழமை இரவு ஏழரைக்கு 'கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்ட்' கச்சேரி. ஏ.பி.–சாராவின் மகள் ஜேனட் 1974இல் அப்பாவின் பழைய மளிகைக் கடையில் தொடங்கியது. எலெக்ட்ரிக் வாத்தியம் கூடாது, மது கூடாது. மேபெல்லின் மருமகன் ஜானி கேஷ் கடைசியாக மேடையேறியது இங்கேதான், 2003 ஜூலையில். அவர் மனைவி, மேபெல்லின் மகள் ஜூன் கார்ட்டர் இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

ஃபிடில் எடுத்ததுமே வந்தவர்கள் எழுந்து மேடைக்கு முன்னால் ஆடப் போய்விட்டார்கள். காலணியின் அடியில் உலோகத் தகடு. உடம்பு மேலே அசையவே இல்லை, பாதம் மட்டும் தரையில் கடகடவென்று தாளம் கொட்டுகிறது. எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி என் கையைப் பிடித்து இழுத்தார். "காலைத் தூக்காதேம்மா, தரையோடயே வச்சுக்கோ" என்று சொல்லிக்கொடுத்தார். இரண்டு பாட்டு ஆடினேன். இடைவேளையில் காபியும் கேக்கும். அப்புறம் ஒரு பையன் தனியாக 'வைல்ட்வுட் ஃப்ளவர்' வாசித்தான். நான் அவன் கட்டைவிரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது மலைச்சாலையில் நல்ல இருட்டு. தம்பி ஓட்டினான், நான் ரிடிலைப் போட்டேன். தனிக் குரல், ஒரு கிட்டார். பாட்டு முடிந்து கொஞ்ச நேரம் அவன் எதுவும் பேசவில்லை.

"அக்கா, அதை இன்னொரு தடவை போடு."