கண்ணாடி குடுத்தாச்சு, சரி, போட்டுக்கிட்டாங்களா?

எங்க க்ளப் பேரை சொல்லப் போறதில்ல, நடுவுல கொஞ்சம் திட்டப் போறேன், அப்புறம் வாட்ஸ்அப் குரூப்ல பஞ்சாயத்து ஆகிடும். நான் இருக்கிறது பெங்களூர் அல்சூர்ல. மூணு வருஷமா ஒரு சர்வீஸ் க்ளப்ல மெம்பர், ரோட்டரி, லயன்ஸ் மாதிரி ஊருக்கு உதவி பண்ற க்ளப். இந்த மாதிரி க்ளப் எல்லாத்துலயும் ஜூலை 1 வந்தா புது பிரசிடென்ட், புது போர்டு, புது ப்ராஜெக்ட். போன போர்டு வந்தப்ப கோலார் ஜில்லா மாலூர் பக்கம் மூணு சர்க்கார் ஸ்கூல்ல பசங்களுக்கு கண் செக் பண்ணி கண்ணாடி குடுக்கறதுன்னு முடிவாச்சு, "உனக்குதான் கன்னடம் நல்லா வருமே"ன்னு என் தலையில கட்டிட்டாங்க. அரை நாள் வேலைன்னு நினைச்சுதான் சரின்னேன்.

முதல் அடி பி.இ.ஓ ஆபீஸ்ல, அதாவது தாலுகா கல்வி அதிகாரி ஆபீஸ்ல. க்ளப் லெட்டர்ஹெட்ல இங்கிலீஷ்ல அழகா டைப் அடிச்சு கொண்டு போனேன். அங்க இருந்த க்ளார்க் படிக்கவே இல்ல, கன்னடத்துல கொண்டு வாங்கன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. எனக்கு கன்னடம் பேச வரும், எழுத வராது. எதிர்வீட்டு சரோஜம்மா ரிடையர்டு டீச்சர், அவங்கதான் எழுதிக் குடுத்தாங்க, கூடவே எதை எதை சேர்க்கணும்னும் சொன்னாங்க: யார் யார் வர்றாங்க, கண் பாக்கறவரோட சர்டிபிகேட் நகல், பெத்தவங்க கையெழுத்துக்கு கன்னடத்துல ஒரு பாரம், எஸ்.டி.எம்.சி (பெத்தவங்க இருக்கற ஸ்கூல் கமிட்டி) தலைவர் சம்மதம். அந்த க்ளார்க் மேல முதல்ல கடுப்பா இருந்துச்சு, ஆனா நல்ல விஷயம் ஒண்ணு சொன்னதும் அவர்தான். ஆர்.பி.எஸ்.கே டீம் ஏற்கனவே ஸ்கூல் ஸ்கூலா வருது சார், அவங்களையும் கேட்டுக்கங்கன்னாரு. 2013-ல ஆரம்பிச்ச சென்ட்ரல் கவர்ன்மென்ட் திட்டம் அது, 18 வயசு வரைக்கும் உள்ள பசங்களை வேன்ல வந்து செக் பண்ணி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுப்பாங்க. எங்க க்ளப்ல ஒருத்தருக்கும் இது தெரியல. நாம போய்தான் கிராமத்துல விளக்கேத்தப் போறோம்கற நினைப்பு.

செக் பண்றது பெரிய வித்தை இல்ல, டீச்சருங்களே பண்ணலாம். E எழுத்து நாலு பக்கமும் திரும்பி இருக்கற சார்ட்டை 6 மீட்டர் தள்ளி மாட்டணும், E-யோட கால் எந்தப் பக்கம் இருக்குன்னு குழந்தை விரலால காட்டணும், எழுத்து தெரியாத ஒண்ணாங்கிளாஸ் குழந்தை கூட காட்டிடும். ஆனா நாங்க பண்ணின கூத்து கேளுங்க. 6 மீட்டருக்கு கயிறு அளந்து வராண்டாவுல கோடு போட்டோம், வரிசையை சார்ட்டுக்கு நேரா நிக்க வெச்சுட்டோம். பத்து பேர் முடியறதுக்குள்ள பின்னாடி நின்ன வாண்டுங்க மனப்பாடம் பண்ணிடுச்சு, மேலே, கெளகே, எட, பலன்னு (மேல, கீழ, இடது, வலது) கன்னடத்துல பாட்டு மாதிரி பாடிட்டே வருதுங்க, எல்லாரும் பாஸ்! எங்ககூட வந்த, கண் பவர் பாக்கற ஆப்டோமெட்ரிஸ்ட் பொண்ணு தலையில அடிச்சுக்கிட்டு வரிசையை ரூம் உள்ள தள்ளி, சார்ட்டை நாலு பேருக்கு ஒருக்கா திருப்பி மாட்டினா. இன்னொண்ணும் சொன்னா, ஒரு கண்ணை மூடறப்ப விரலால மூட விடாதீங்க, இடுக்கு வழியா பாக்கும், உள்ளங்கையைக் குழிச்சு மூடணும், அதுவும் கண்ணை அழுத்தாம, அழுத்தினா அப்புறம் அந்தக் கண்ணு கொஞ்ச நேரம் மங்கலாதான் தெரியும்.

மூணு ஸ்கூல்லயும் சேர்த்து 412 பேர். 31 பேர் சார்ட்ல தேறல. அவங்களுக்கு இன்னொரு நாள் சொட்டு மருந்து போட்டு, அரை மணி முக்கால் மணி உக்கார வெச்சு, இருட்டு ரூம்ல லைட் அடிச்சு பவர் பாத்தாங்க. பசங்க கண்ணு சட்டுனு தானே சுருக்கி விரிச்சு சமாளிச்சுக்கும், சொட்டு போடாம பாத்தா பவர் தப்பா வரும்னு அப்பதான் தெரிஞ்சுது. சொட்டு போட்டா அன்னைக்கு வெயில் கூசும், புஸ்தகம் படிக்க முடியாது, இதை வீட்டுல முன்னாடியே சொல்லலேன்னா சாயங்காலம் சண்டைக்கு வருவாங்க, வந்தாங்க. கடைசியில கண்ணாடி தேவைப்பட்டது 19 பேருக்கு. ஒரு ரெண்டாங்கிளாஸ் பையனுக்கு சோம்பேறிக் கண்ணு, நல்ல கண்ணை மறைச்சு மத்த கண்ணை வேலை வாங்கணும், வயசு ஏற ஏற பலன் கம்மியாகும், அதனால அவனை மட்டும் பெங்களூர் மின்டோ கண் ஆஸ்பத்திரிக்கு அவங்க அப்பாவோட நானே கூட்டிட்டுப் போனேன்.

கண்ணாடி செஞ்சு குடுத்த லேப் பேரும் வேணாம். 19-ம் ஒரே சைஸ், ஒரே கருப்பு ஃப்ரேம், அதுவும் பெரியவங்க சைஸ். ரெண்டு கருவிழிக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு ஒவ்வொரு குழந்தைக்கும் ஸ்கேல் வெச்சு அளந்து எழுதிக் குடுத்திருந்தோம், அதையெல்லாம் யார் பாத்தா? திருப்பி அனுப்பி சண்டை போட்டு வாங்கறதுக்குள்ள ஒரு மாசம் போச்சு.

அப்புறம் விழா. நவம்பர் 14, குழந்தைகள் தினம். பேனர், சால்வை, ஏலக்கா மாலை. சிறப்பு விருந்தினர் 1925-ல ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டுல பார்வையில்லாதவங்களுக்காக பேசினதுல ஆரம்பிச்சாரு, நல்ல கதைதான், ஆனா இங்கிலீஷ்ல 25 நிமிஷம், வெயில்ல உக்காந்திருந்த பசங்க வீட்டுல பேசறது தெலுங்கு! ஒவ்வொரு குழந்தைக்கும் கண்ணாடி மாட்டி, போட்டோ எடுத்து, கழட்டி டப்பாவுல வெச்சு கையில குடுத்தோம். கழட்டி டப்பாவுல வெச்சோம்ல, அங்கயே தப்பு ஆரம்பிச்சுடுச்சு.

பிப்ரவரியில சொல்லாம கொள்ளாம போனேன். 19-ல மூஞ்சில இருந்தது 8. நாலு பையில. மூணு உடைஞ்சு போச்சு, அதுல ரெண்டு வெறும் ஸ்க்ரூ கழண்டது. ரெண்டு பேர் வீட்டுல சாமி படத்துக்குப் பின்னாடி பத்திரமா இருக்கு, விலை ஜாஸ்தி சாமான்னு அம்மா எடுத்து வெச்சுட்டாங்களாம். மீதி ரெண்டுல ஒண்ணு தொலைஞ்சு போச்சு, இன்னொண்ணை அண்ணன்காரன் ஸ்டைலுக்குப் போட்டுட்டு சுத்தறான்.

ஆறாங்கிளாஸ் படிக்கிற ஒரு பொண்ணு, கண்ணாடி பையில வெச்சிருந்த நாலு பேர்ல ஒருத்தி. ஸ்கூல் வாசல்ல பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்தா. ஏம்மா போடலன்னு கேட்டா தரையையே பாக்கறா. பக்கத்துல இருந்தவ சொன்னா, சோடாபுட்டி போட்டா எவன் கட்டுவான்னு அவ்வா (பாட்டி) திட்டறாங்களாம். சரி இப்ப அவ்வா இல்லல்ல, கொஞ்ச நேரம் போட்டுக்கோன்னேன். போட்டா. தூரத்துல பஸ் திரும்புச்சு, இது நம்ம பஸ் இல்ல, மாலூர் போறதுன்னா, மத்ததுங்க எல்லாம் ஏற்கனவே ரோட்டுக்கு ஓட ஆரம்பிச்சிருந்துச்சு. இத்தனை நாள் எப்படி கண்டுபிடிச்சேன்னு கேட்டேன். இவங்க ஓடினா நானும் ஓடுவேன், டிரைவர் ஹாரன் வெச்சும் தெரியும்னா. ஆறு வருஷமா போர்டுல எழுதினதையும் பக்கத்துல இருக்கறவ நோட்டைப் பாத்துதான் எழுதியிருக்கா, நல்ல மார்க்கு வேற.

அன்னைக்கே ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் கூட உக்காந்து பேசினோம். அவங்க சொன்ன யோசனைதான் வேலை செஞ்சுது: வீட்டுல பிரச்னை இருக்கற பசங்களோட கண்ணாடி க்ளாஸ்ல ஒரு பெட்டியில இருக்கும், காலைல ப்ரேயர் முடிஞ்சதும் போடணும், நாலு மணிக்கு கழட்டி வெச்சுட்டுப் போகலாம். வீட்டுல போடலேன்னாலும் போர்டு தெரியும் இல்லையா. உடைஞ்சதையும் தொலைஞ்சதையும் புதுசா பண்றப்ப ஃப்ரேம் ட்ரேயைக் கொண்டு போய் பசங்களையே எடுக்கச் சொன்னோம். ஒருத்தன் ரோஸ் கலர் எடுத்தான், யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு மேடம் முறைச்சாங்க. அடுத்து மார்ச்ல போனப்ப 14 பேர் போட்டிருந்தாங்க.

ஜூலை வந்துச்சு, புது போர்டு. இந்த வருஷம் தையல் மெஷின். கண்ணாடிதான் போன வருஷமே முடிச்சாச்சேன்னாங்க. வருஷா வருஷம் பவர் மாறும், திரும்ப பாக்கணும், அதுக்கு 12,000 ரூபா போதும்னு கேட்டேன். பேச்சே இல்ல. அப்ப எங்க சீனியர் ஒருத்தர், 90-கள்ல போலியோ சொட்டு மருந்து டப்பாவைத் தூக்கிட்டு வீடு வீடா அலைஞ்சவர், எழுந்தாரு. ரோட்டரி போலியோ வேலையை 1985-ல கையில எடுத்துச்சு, இந்தியாவுல கடைசி கேஸ் 2011 ஜனவரியில ஹௌராவுல, ஒரு ஞாயித்துக்கிழமை சொட்டு ஊத்தி போட்டோ எடுத்துட்டு வீட்டுக்குப் போயிருந்தா அது நடந்திருக்குமாய்யான்னு கேட்டாரு. கை தட்டினாங்க. பணம் மட்டும் பாஸ் ஆகல. அவரும் நானும் இன்னும் ரெண்டு பேரும் ஆளுக்கு மூவாயிரம் போட்டோம்.

இப்ப மாசம் ஒரு சனிக்கிழமை போறேன். காலைல அல்சூர்ல மெட்ரோ ஏறி ஒயிட்ஃபீல்டு, அங்கேருந்து ட்ரெயின்ல மாலூர், அப்புறம் ஷேர் ஆட்டோ. பையில ஒரு சின்ன ஸ்க்ரூ ட்ரைவர், ஒரு டப்பா ஸ்க்ரூ, மூக்குல வைக்கிற ரப்பர். மெட்ரோ ஸ்கேன்ல தடவை தவறாம பையைத் திறக்கச் சொல்றாங்க. போன வாரம் அந்த செக்யூரிட்டி அண்ணன், இன்னைக்கும் ஸ்கூலான்னு கேட்டுட்டு தன்னோட கண்ணாடியைக் கழட்டி நீட்டுனாரு, ஒரு பக்கம் ஆடுதாம். டைட் பண்ணிக் குடுத்துட்டு ஓடினேன், ட்ரெயின் தப்பிப் போச்சு. தசரா லீவுக்கு முன்னாடி பவர் பாக்கணும், கன்னடம் எழுத வர்றவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, சரோஜம்மா மகன் வீட்டுக்குப் போயிருக்காங்க.