சித்தி வீட்டு பிளக் பாயிண்ட்

ஜூன் 3

இரவு ஒன்பது மணிக்கு சித்தி மகன் போன் செய்தான். "அண்ணே, பாத்ரூம் ஹீட்டர் பிளக்கிட்ட ஏதோ வாடை வருது. அவசரம் இல்ல, இந்தப் பக்கம் வந்தா ஒரு எட்டு பாருங்க" என்றான். என்ன வாடை என்று கேட்டேன். மீன் கவிச்சி மாதிரி என்றான். உடனே மெயினை இறக்கச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த வாடை தெரியும். பிளக் பாயிண்டின் பிளாஸ்டிக் உள்ளே வெந்துகொண்டிருந்தால் சில சமயம் அப்படித்தான் அடிக்கும். பொதுவாகப் புகை வருவதற்கு முன்பே இது வந்துவிடும்.

பிளேட்டைக் கழற்றினேன். நியூட்ரல் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம். பின்னால் கறுப்பு வயரின் தோல் ஒரு விரற்கடை நீளத்துக்கு விறைத்து, தொட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. செம்பு கறுத்திருந்தது. ஸ்க்ரூவில் டிரைவரை வைத்து லேசாகத் திருப்பினால் ஒன்றரைச் சுற்று போகிறது. இறுக்கவே இல்லை. அந்த பிளக்கை ஏப்ரலில் போட்டது நான்தான்.

எத்தனை நாளாக வாடை என்று சித்தியிடம் கேட்டேன். "மூணு வாரம் இருக்கும்ப்பா. எலி ஏதும் செத்துக் கிடக்குதோன்னு அலமாரியெல்லாம் நகர்த்திப் பார்த்தோம்" என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "பிளக்குல இருந்துதான் வருதுன்னு போன வாரமே தெரியும். நீ அன்னிக்குக் காசே வாங்கல. திரும்பவும் எப்படிக் கூப்பிடறதுன்னு சங்கடமா இருந்துச்சு."

புது பிளக், புது வயர் போட்டு, அரை மணி நேரம் ஹீட்டரை ஓடவிட்டு, கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். மணி பன்னிரண்டாகிறது. தூக்கம் வரவில்லை.

ஜூன் 4

ஏப்ரலில் அந்த வேலையை எப்படிச் செய்தேன் என்று இன்று முழுக்க யோசித்துப் பார்த்தேன். பகலில் வேறொரு வீட்டில் எட்டு மணி நேரம் சுவரை வெட்டிவிட்டு, ஹெல்பரை அனுப்பிவிட்டு, தனியாக இரவு எட்டரைக்கு சித்தி வீட்டுக்குப் போனேன். செல்போன் வெளிச்சத்தில் வயரைச் செருகினேன். ஒவ்வொரு வயரையும் ஸ்க்ரூ போட்ட பிறகு பிடித்து இழுத்துப் பார்ப்பது என் கைப்பழக்கம். காசு வாங்கும் வீட்டில் ஒருநாளும் அதைத் தவறவிட்டதில்லை. அன்று விட்டிருக்கிறேன்.

ஓசியில் செய்யும் வேலைக்கு எப்போதும் மிச்ச நேரம்தான் கிடைக்கிறது. மிச்ச நேரம், மிச்சத் தெம்பு, பையில் மிச்சம் கிடக்கும் சாமான். சித்தி வீட்டுக்குப் பகலில் போகவேண்டும் என்றால் கூலி வரும் ஒரு வேலையைத் தள்ளவேண்டும். மாதச் சம்பளக்காரர் லீவு நாளில் வந்து உதவினால் அவர் சம்பளம் குறையாது. எங்களுக்கு வேலைக்குப் போகாத நாள் சம்பளம் இல்லாத நாள்.

கணக்கையும் எழுதிவைக்கிறேன், படிப்பவர்களுக்கு உதவும். 3000 வாட் ஹீட்டர், 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் எடுக்கும். ஸ்க்ரூ லூசான இடத்தில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலும் அந்த ஒரு புள்ளியில் கிட்டத்தட்ட 17 வாட் சூடு. சாதாரண சால்டரிங் அயன் 25 வாட். அதை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி, தினமும் குளிக்கும் நேரமெல்லாம் எரியவிட்டது போல. மின்சாரம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்று ஜேம்ஸ் ஜூல் 1841லேயே சொல்லிவிட்டார். அதனால்தான் லூசான ஸ்க்ரூ லைட்டில் மாதக்கணக்கில் தாங்கும், ஹீட்டரில் தாங்காது.

இதில் பயப்படவேண்டிய விஷயம் இன்னொன்று. பிரேக்கர் டிரிப் ஆகாது. 16 ஆம்பியர் பிரேக்கருக்கு 13 ஆம்பியர் சாதாரண லோடு. கசிவைப் பிடிக்கும் 30 மில்லி ஆம்பியர் பிரேக்கரும் சும்மாதான் இருக்கும். போன மின்சாரம் அப்படியே திரும்பி வருகிறது, கசிவு எதுவும் இல்லை. அந்த வீட்டில் ஆபத்தைச் சொல்ல இருந்தது சித்தியின் மூக்கு மட்டும்தான். சித்திக்கு அது தெரிந்தும் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் 7

மனைவியின் அண்ணன் வந்திருந்தார். மாடியில் இரண்டு அறை எடுக்கிறார்கள். "வயரிங் உங்க கையாலதான் மாப்பிள்ளை, வேற யாரையும் உள்ள விடமாட்டேன்" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. காசைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அவர் போன பிறகு ஹெல்பர் பையன் கேட்டான்: "அண்ணே, அது சொந்தக்கார வீடா?" அவன் ஏன் கேட்டான் என்று புரிந்தது. போன வருடம் என் நண்பன் வீட்டு வேலைக்கு மூன்று நாள் அவனை அழைத்துப்போனேன். நண்பனிடம் நான் வாங்கவில்லை, அவனுக்குப் பாதிக்கூலிதான் கொடுத்தேன். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் அவர் நண்பர். அவனுக்கு அவர் யார்? என் பாசத்துக்கு அவன் கூலியில் இருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இன்று அந்த மீதியைக் கொடுத்துவிட்டேன். வாங்கத் தயங்கினான், பையில் வைத்துவிட்டேன்.

ஜூன் 8

மச்சானுக்கு எஸ்டிமேட் எழுதினேன். உறவுக்காரருக்கு எஸ்டிமேட் எழுதுவது பத்தொன்பது வருடத்தில் இதுதான் முதல் தடவை. மூன்று முறை கிழித்துப்போட்டேன்.

கடைசியில் எழுதியது இது. சாமான் செலவு, கடை பில் எவ்வளவோ அவ்வளவு; பில் அவர் கையிலேயே இருக்கும். ஹெல்பர் கூலி முழுசாக. என் கூலி, வெளியில் வாங்கும் முழுத்தொகை. அதற்கு அடுத்த வரியில், அதில் கால்பங்கைக் கழித்து எழுதினேன். முதலிலேயே குறைத்து எழுதியிருந்தால் அதுதான் வேலையின் விலை என்று ஆகிவிடும். கழித்ததைக் காட்டினால் நான் விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கீழே இன்னொரு வரி: முடித்த பிறகு எல்லா லைனையும் 500 வோல்ட் மெக்கர் (வயரின் தோல் மின்சாரத்தைக் கசியவிடுகிறதா என்று அளக்கும் மீட்டர்; ரீடிங் கூடுதலாக வந்தால் நல்லது) வைத்துச் சோதித்து, ரீடிங்கை எழுதித் தருவேன். 1 மெகா ஓமுக்குக் கீழே எது வந்தாலும் பிரித்துப் பார்ப்பேன். ஒரு வருடத்துக்குள் என் வேலையில் குறை வந்தால் எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது.

அந்த வரிக்காகத்தான் மற்ற எல்லா வரியும். சித்தியிடம் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் முதல் நாளே கூப்பிட்டிருப்பார்.

ஜூன் 11

பதில் இல்லை. மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. "எங்க அண்ணன்கிட்ட சீட்டு எழுதிக் குடுத்தீங்களாமே" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். சித்தி வீட்டு வயரை எடுத்துவந்து வைத்திருந்தேன். அதைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதை முதல்லயே அவர்கிட்ட காட்டியிருக்கலாம்ல" என்றாள். அவள் சொல்வது சரி. தாளை நீட்டினேனே தவிர ஏன் நீட்டுகிறேன் என்று உட்கார்ந்து பேசவில்லை.

ஜூன் 12

தச்சு வேலை செய்யும் நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் உறவில் யாரிடமும் வாங்குவதில்லை. "காசு கை மாறிட்டா அப்புறம் நான் அவங்களுக்குத் தச்சன், சொந்தக்காரன் இல்ல" என்றார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போய் ஃபேன் ரெகுலேட்டரை மாற்றிக் கொடுத்துவிட்டு பில் நீட்டுவது எனக்கே அருவருப்பாக இருக்கும்.

கோடு எங்கே போடுவது என்று இருவரும் வெகுநேரம் பேசினோம். சட்டைப் பையில் இருக்கும் டெஸ்டரோடு முடிந்தால் உதவி, வீட்டில் இருந்து டூல்ஸ் பை தூக்கிக்கொண்டு போனால் வேலை என்றேன். அவருக்கும் அது பிடித்திருந்தது. திரும்பி வரும் வழியில்தான் உறைத்தது, சித்தி வீட்டு பிளக்கே டெஸ்டரோடு முடிந்த அரை மணி நேர வேலைதான். என் கணக்குப்படி அது உதவி. அதுதான் எரிந்தது.

அதனால் கோட்டை மாற்றிக்கொள்கிறேன். நாளைக்கு ஏதாவது ஆனால் அவர்கள் என்னைத் திரும்பக் கூப்பிடவேண்டியிருக்குமா? இருக்கும் என்றால் அது வேலை. பகலில் போகவேண்டும், தாளில் எழுதவேண்டும், கொஞ்சமாவது கூலி வாங்கவேண்டும். நண்பருக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. தன் மரவேலையில் நட்டு கழன்றால் கதவு தொங்கும், வீடு எரியாது என்கிறார். போகட்டும்.

ஜூன் 15

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் வீட்டில் மெயின் பாக்ஸ் மாற்றினேன். அவரிடம் வாங்கமாட்டேன், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் இந்த முறை பகலில் போனேன். ஹெல்பர் கூலியை என் கையில் இருந்து முழுசாகக் கொடுத்தேன். சோதித்த ரீடிங்கை எழுதி பாக்ஸ் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு ஸ்க்ரூவாகத் தொட்டு, மூன்றாவதைக் காட்டி "இன்னும் கால் சுற்று இருக்குடா" என்றார். இருந்தது.

காசு வாங்காமலும் சரியாகச் செய்யமுடியும் என்பதற்கு இது ஒன்று. ஆனால் அவருக்கு என்னைத் திட்ட உரிமை இருக்கிறது. எந்தக் கூச்சமும் இல்லாமல் திட்டினார். சித்திக்கு அது வராது, மச்சானுக்கும் வராது.

ஜூன் 17

மச்சான் வந்தார். மனைவி அந்தக் கருகிய வயரை அவரிடம் காட்டியிருக்கிறாள். வெளியில் இன்னொருவரிடமும் எஸ்டிமேட் வாங்கிப் பார்த்திருக்கிறார், அதையும் மறைக்காமல் சொன்னார். "முதல்ல கோபம்தான் மாப்பிள்ளை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு எங்கம்மா சொல்லும். சரின்னு விட்டுட்டேன்" என்றார். பாதித்தொகையை அட்வான்ஸாகக் கொடுத்தார். கை நடுங்காமல் வாங்க முயன்றேன்.

ஜூலை 10

வேலை முடிந்தது. பதினொரு நாள், எல்லாம் பகலில். எந்த லைனும் 50 மெகா ஓமுக்குக் குறையவில்லை. தாளில் எழுதிக் கொடுத்தேன்.

சித்தி வீட்டுக்கும் போனேன், கூப்பிடாமலே. பழைய பாயிண்ட் ஏழையும் கழற்றி இறுக்கினேன். ஒரு தாளில் தேதி போட்டு, என்னென்ன பார்த்தேன் என்று எழுதி, "வாடை, சூடு, சத்தம் எது வந்தாலும் அன்றே கூப்பிடவும்" என்று பெரிய எழுத்தில் போட்டேன். காசு வேண்டாம் என்றேன், இது என் தப்பைச் சரிசெய்வது. அடுத்த வேலைக்குக் கட்டாயம் வாங்குவேன் என்றும் சொன்னேன். "வாங்கிக்கோப்பா, அப்பதான் எனக்கும் கூப்பிட வாய் வரும்" என்றார்.

ஜூலை 14

சாயங்காலம் மச்சான் போன் செய்தார். குரலில் எந்தத் தயக்கமும் இல்லை.

"மாப்பிள்ளை, பின் ரூம்ல கட்டிலுக்கு மேல இருக்கற சுவிட்ச் போர்டு கோணலா நிக்குது. மட்டம் வெச்சுப் பாத்துட்டேன், அரை விரல் சாஞ்சிருக்கு. வந்து சரிபண்ணிட்டுப் போங்க."

நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறேன் என்றேன்.